கேமரா போகாத வீடு

‘அடோலசென்ஸ்’ பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் நேராக மூன்றாவது எபிசோடுக்குப் போய்விடுவார்கள். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பையன், அவனோடு பேச வந்திருக்கும் உளவியலாளர். ஓவன் கூப்பரும் எரின் டோஹர்ட்டியும் அதில் செய்திருக்கும் வேலை அப்படி. 2025 செப்டம்பரில் இருவருக்கும் எம்மி கிடைத்தது. கூப்பருக்கு அப்போது வயது 15. முதல் எபிசோடின் கைதுக் காட்சிக்கு ரசிகர்கள் உண்டு. நான்காவதைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. இரண்டாவது? “அதுவா, ஸ்கூல் எபிசோட். கொஞ்சம் இழுவை. ஆனா கடைசில அந்த டிரோன் ஷாட் செம” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு அந்த இழுவை எபிசோட்தான் நான்கிலும் முக்கியமாகப் படுகிறது. மூன்றாவதைவிட அது சிறந்தது என்று சொல்ல வரவில்லை. சிறந்தது இல்லைதான். ஆனால் இந்தத் தொடர் எதைச் செய்ய நினைத்தது, எதைச் செய்யாமல் விட்டது என்ற இரண்டும் அந்தச் சுமார் 50 நிமிடங்களில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தன் குறை என்னவென்று ஒரு பாத்திரத்தின் வாயாலேயே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே அந்தக் குறையைச் செய்கிற எபிசோட் இது. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். (தொடரைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே எதையும் மறைத்துப் பேசப் போவதில்லை.)

கதையைத் தெரிந்தவர்களுக்கும் ஒரு சுருக்கம். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறு நகரம். ஜேமி மில்லர் என்ற 13 வயதுப் பையனை அதிகாலையில் கதவை உடைத்துக்கொண்டு வந்து போலீஸ் கைது செய்கிறது. உடன் படிக்கும் கேட்டி லெனர்டைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. ஜாக் தார்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதியது. ஃபிலிப் பாரன்டீனி இயக்கியது. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நான்கு எபிசோட்களும் ஒவ்வொன்றும் ஒரே ஷாட். நடுவில் வெட்டே கிடையாது. பாரன்டீனிக்கும் கிரஹாமுக்கும் இது புதிதல்ல. ஒரு உணவகத்தின் சமையலறையில் நடக்கும் ‘பாய்லிங் பாயிண்ட்’ (2021) படத்தை இருவரும் இதே போல ஒரே ஷாட்டில் செய்திருக்கிறார்கள்.

முதல் எபிசோட் முடியும்போதே யார் கொன்றது என்பது தெரிந்துவிடுகிறது. விசாரணை அறையில், அப்பா எடியும் பக்கத்தில் இருக்க, சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். குத்துவது ஜேமிதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு க்ரைம் த்ரில்லர் தன் கையிலிருக்கும் மிகப் பெரிய சீட்டை முதல் ஆட்டத்திலேயே கீழே போட்டுவிட்டால், மீதி மூன்று மணி நேரத்துக்கு அதனிடம் என்ன இருக்கும்? இரண்டாவது எபிசோட் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கையில் மிச்சமிருப்பவை இரண்டு: கத்தி எங்கே, காரணம் என்ன. அந்த இரண்டையும் தேடிக்கொண்டு இன்ஸ்பெக்டர் பாஸ்கோம்பும் (ஆஷ்லி வால்டர்ஸ்) சார்ஜென்ட் மிஷா ஃபிராங்கும் (ஃபே மார்சே) ஜேமியும் கேட்டியும் படித்த பள்ளிக்குள் நுழைகிறார்கள்.

இந்த எபிசோடின் முதல் பலம் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

சினிமாவிலும் டிவியிலும் பள்ளி என்றால் பொதுவாக நமக்குக் கிடைப்பது ஒரு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு மைதானம். மூன்றும் தனித்தனித் துண்டுகள். இங்கே அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக இந்த இரண்டு போலீஸ்காரர்களும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ அவ்வளவு தூரம் நாமும் நடக்கிறோம். படிக்கட்டில் எதிரே வரும் கூட்டத்துக்கு ஒதுங்குகிறோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் கத்துவது காதில் விழுகிறது. கேமரா யாரையாவது பின்தொடர்கிறது; வழியில் இன்னொருவர் வந்தால் அவர் பின்னால் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் இந்தக் கட்டடத்தின் வரைபடம் நம் மண்டைக்குள் வந்துவிடும். கூடவே இன்னொன்றும் புரியும்: இந்த இடத்தில் எந்தப் பெரியவருக்கும் எதுவும் கட்டுப்படவில்லை. போலீஸ் அட்டையைக் காட்டினால் ஊரெல்லாம் பயப்படும். இங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

எல்லா வகுப்பிலும் வீடியோ ஓடுகிறது, யாரும் எதையும் கற்றுக்கொள்கிற மாதிரித் தெரியவில்லை, பிள்ளைகளை அடைத்து வைக்கும் பட்டி மாதிரி இருக்கிறது என்று பாஸ்கோம்ப் எரிச்சலோடு சொல்கிறார். இதை மிகைப்படுத்தல் என்று குறை சொல்லலாம். ஒரே நாளில், ஒரே பள்ளியில், இத்தனை ஆசிரியர்களும் சோர்ந்து போயிருக்க வேண்டுமா? ஒரு உருப்படியான வகுப்புகூடக் கண்ணில் படாதா? இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று நாளுக்கு முன் உடன் படித்த ஒரு பெண் கொலையாகியிருக்கிறாள், இன்னொரு பையன் உள்ளே இருக்கிறான். அந்தச் சமயத்தில் பள்ளி இயல்பாக நடந்தால்தான் அதிசயம். பிள்ளைகளின் கேலியும் கூச்சலும் துக்கத்தின் இன்னொரு முகமாக இருக்கலாம் என்பதை எபிசோட் விளக்காமல் விட்டிருப்பது நல்லது.

நடைமுறை உழைப்பையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு யார்க்‌ஷயரின் சவுத் எல்ம்சாலில் உள்ள ஒரு நிஜப் பள்ளியில், அங்கே படிக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளையே துணை நடிகர்களாக வைத்து எடுத்திருக்கிறார்கள். முதலில் ஒத்திகை, பிறகு கேமராவோடு ஒத்திகை, அதன் பிறகு முழு எபிசோடையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மறுபடி மறுபடி எடுப்பது. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மொத்தமும் போச்சு. நான்கு எபிசோட்களில் ஆள்கூட்டம் அதிகம் உள்ளது இதுதான். பார்க்கும்போது இந்தக் கஷ்டம் எதுவும் நமக்குத் தெரியவில்லை என்பதே அவர்களின் வெற்றி.

இரண்டாவது பலம், பாஸ்கோம்பின் மகன் ஆடம் வரும் காட்சி. பலவீனங்கள் ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

கேட்டி, ஜேமியின் இன்ஸ்டாகிராம் படங்களுக்குக் கீழே எமோஜிகள் போட்டிருக்கிறாள். பார்த்த போலீஸ் இருவரும் நட்பாக இருந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறது. அதே பள்ளியில் படிக்கும் ஆடமுக்கு இது தாங்கவில்லை. அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறான். அவன் சொல்வதன் சாரம்: நீங்க அதைத் தப்பாப் படிச்சிட்டிருக்கீங்கப்பா, அது நட்பு இல்ல, கேலி. இதயத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. 100 என்ற எமோஜி ‘80-20’ விதியைக் குறிக்கிறது. அதாவது 80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களை மட்டுமே விரும்புகிறார்கள் என்ற நம்பிக்கை. டைனமைட் என்றால் வெடிக்கும் சிவப்பு மாத்திரை. மொத்தத்தில் கேட்டி ஜேமியை ‘இன்செல்’ என்கிறாள்: எந்தப் பெண்ணும் சீண்டாதவன், இனியும் சீண்ட மாட்டாள்.

துப்பறியும் கதையின் நூறாண்டுப் பழக்கத்தை இந்தக் காட்சி தலைகீழாக்குகிறது. வழக்கமாக, எல்லார் கண் முன்னாலும் கிடக்கும் தடயத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் துப்பறிவாளர். ஷெர்லாக் ஹோம்ஸ் தொடங்கி அப்படித்தான். இங்கே பள்ளிக்கூடமே படித்துவிட்ட தடயத்தைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் அவர். விளக்கம் சொல்லும் மகனுக்கு அதில் பெருமை இல்லை, கூச்சம்தான். அப்பா இந்தக் கட்டடத்துக்குள் வந்து நின்று உளறிக்கொண்டிருப்பது அவனுக்கு அவமானம். ஆஷ்லி வால்டர்ஸ் அந்த இடத்தில் அதிகம் எதுவும் செய்வதில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கவலைகள் ஓடுகின்றன: வழக்கைப் பற்றி ஒன்று, இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று இன்னொன்று.

இனி குறைகள். முதலாவது சின்னது. கொலையானவளும் கொன்றவனும் படித்த அதே பள்ளியில் விசாரணை அதிகாரியின் மகனும் படிக்கிறான் என்பது கதைக்கு ரொம்ப வசதியான தற்செயல். தன் மகனையே மறைமுகமாக ஒரு தகவலாளியாக்கிவிட்ட அதிகாரி இதை மேலே எப்படித் தெரிவிப்பார் என்ற கேள்வியை எபிசோட் தொடுவதே இல்லை. அப்பா-மகன் உறவுக்காக இதை மன்னித்துவிடலாம். நான் மன்னித்துவிட்டேன்.

இரண்டாவது அப்படி மன்னிக்கக் கூடியதாக இல்லை. ஆடம் சொல்வது ஒரு அகராதி. அகராதி கிடைத்தவுடன் வழக்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது போல ஒரு உணர்வு நமக்கு வந்துவிடுகிறது. ‘சிவப்பு மாத்திரை’ 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்திலிருந்து எடுத்தது. ‘80-20’ நிலம் யார் கையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று ஆராய்ந்த இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கணக்கு. பெண்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘இன்செல்’ என்ற சொல்லோ 1990களில் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் தொடங்கியது. துணை கிடைக்காத தனிமையைப் பற்றி ஆணும் பெண்ணும் மனம்விட்டுப் பேச ஒரு இடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். யார் யாரோ எதற்கோ செய்த பொருட்களைத் திருடி ஒன்றாகக் கட்டிய வெறுப்பு இது. இவ்வளவு நீளமான கதையை இரண்டு நிமிட எமோஜிப் பாடமாகச் சுருக்கினால், பார்ப்பவர் எமோஜியைத்தான் பிடித்துக்கொள்வார். நடந்ததும் அதுதான். தொடர் வந்த சில நாளிலேயே எந்த நிற இதயத்துக்கு என்ன அர்த்தம் என்று பெற்றோருக்கான பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்தன. நோயைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் நாம் நோயின் செல்லப் பெயர்களை வாங்கிக்கொண்டு போய்விட்டோம்.

மூன்றாவது குறை கேட்டியைப் பற்றியது. ஆடம் பேசி முடிக்கும்போது நமக்கு அவளைப் பற்றித் தெரிவது என்ன? அவள் ஜேமியைப் பொதுவில் அவமானப்படுத்தினாள். அவ்ளோதான். செத்துப்போன பெண் குழந்தையைப் பற்றி இந்த எபிசோட் நமக்குக் கொடுக்கும் முதல் உறுதியான செய்தி அவள் செய்த தப்பு. அதற்கு முன் நடந்ததை மூன்றாவது எபிசோடில்தான் கேட்கிறோம்: கேட்டியின் அரை நிர்வாணப் படம் ஒன்று பையன்களிடையே சுற்றியிருக்கிறது. அவள் அப்படித் தளர்ந்திருக்கும் நேரத்தில் கேட்டால் சம்மதிப்பாள் என்று கணக்குப் போட்டு ஜேமி அவளை வெளியே கூப்பிட்டிருக்கிறான். அவள் மறுத்திருக்கிறாள். அதாவது அந்த எமோஜிகளுக்குப் பின்னால் அடிபட்ட ஒரு பெண் இருந்தாள். அதையும் நாம் தெரிந்துகொள்வது ஜேமியின் வாயால். நான்கு எபிசோடிலும் கேட்டியைப் பற்றிய எந்தச் செய்தியும் கேட்டியிடமிருந்து வருவதில்லை.

இதை எழுதியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் மிஷா ஃபிராங்கின் பேச்சு இருக்கிறது.

பள்ளிக்குள் நடந்துகொண்டிருக்கும்போது ஃபிராங்க் தன்னை உறுத்துவது எது என்று பாஸ்கோம்பிடம் சொல்கிறார். எப்போதும் குற்றவாளிதான் முன்னால் வருகிறான். எல்லாருக்கும் ஜேமி நினைவிருப்பான், கேட்டி யாருக்கும் நினைவிருக்க மாட்டாள். இந்த வழக்கு முழுக்க நாம் ஜேமியின் மூளைக்குப் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கிறோம் என்பதும் அந்தப் பேச்சில் வருகிறது. ஃபே மார்சே இதை மேடைப் பேச்சாக ஆக்காமல், களைத்துப்போன ஒரு அதிகாரியின் முணுமுணுப்பாகவே சொல்லியிருக்கிறார். இந்தத் தொடரைப் பற்றி வெளியே எழுதப்பட்ட விமர்சனங்களில் முக்கால்வாசி இந்த ஒரு பேச்சுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் குறை போய்விடுமா? “சாப்பாட்டில் உப்பு இல்லை, தெரியும்” என்று சொல்லிக்கொண்டே பரிமாறினால் உப்பு வந்துவிடாது. ஃபிராங்கின் பேச்சு ஒரு வாக்குறுதி மாதிரி ஒலிக்கிறது. இனியாவது கேமரா கேட்டியின் பக்கம் போகும் என்று எதிர்பார்க்க வைக்கிறது. அதற்கு ஒரு வழியும் அதே கட்டடத்துக்குள் இருக்கிறது. அந்த வழியின் பெயர் ஜேட்.

ஜேட், கேட்டியின் நெருங்கிய தோழி. நடித்தவர் ஃபாத்திமா போஜாங். விசாரணையில் முதலில் உட்காரும்போதே அவளுக்குக் கோபம். கேட்டிக்கும் ஜேமிக்கும் என்ன உறவு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவளுக்கு அந்தக் கேள்வியே அசிங்கமாகப் படுகிறது. செத்தவளைப் பற்றிக் கேட்காமல், அவளுக்கும் கொன்றவனுக்கும் என்ன என்று கேட்கிறார்களே! பிறகு தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லாரும் மைதானத்துக்கு வரும்போது, ஜேமியின் நண்பன் ரயானை நோக்கி நேராகப் போய் அடிக்கிறாள். அத்தனை பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் கேட்டிக்காகக் கோபப்படும் ஒரே உடம்பு அது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அதன் பிறகு ஆசிரியை ஒருவர் அவளோடு உட்கார்ந்து பேசப் பார்க்கிறார். நல்லவர்தான், ஆனால் பள்ளிக்கூடத்தின் மொழி மட்டுமே அவருக்குத் தெரியும். ஜேட் அந்த மொழியில் அழ முடியாதவள். தன்னை மதித்த ஒரே ஆள் போய்விட்டாள், இனி யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய துக்கம். ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நன்றாக உணர வைக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று ஃபிராங்க் இதே எபிசோடில் சொல்கிறார். ஜேடுக்கு அந்த ஒன்று கேட்டி. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உயிரோடு இருந்த கேட்டியின் ஒரு கீற்று நமக்குக் கிடைக்கிறது: யாருக்கோ எல்லாமுமாக இருந்த பெண். மொத்தத் தொடரிலும் கேட்டி ஒரு ஆளாகத் தெரிவது இங்கே மட்டும்தான். சில நிமிடங்கள். போஜாங்கின் அந்தச் சில நிமிடங்களைத் தொடரின் பெரிய நடிப்புகளோடு சேர்த்தே வைப்பேன்.

அப்புறம் ரயான் ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான்.

கேமராவும் ஜன்னல் வழியே போகிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கேமராவை மாற்றி, பாஸ்கோம்புக்குப் பின்னால் தெருவில் ஓடுகிறார்கள். மூச்சு வாங்கும் துரத்தல். பிடித்தவுடன் கத்தி தன்னுடையது என்பதை ரயான் ஒப்புக்கொள்கிறான். சும்மா பயமுறுத்தத்தான் என்று நினைத்திருக்கிறான். கைதாகிறான். த்ரில்லர் என்ற அளவில் எபிசோடுக்கு ஒரு உச்சம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. கத்திக்கும் விடை கிடைத்துவிட்டது. திரைக்கதையாகப் பார்த்தால் சுத்தமான வேலை.

ஆனால் ஒரே ஷாட் என்ற வடிவத்துக்கு ஒரு இயல்பு இருப்பது இங்கேதான் வெளிப்படுகிறது. வெட்டு இருக்கும் படத்தில் ஓடுகிறவனை ஓட விட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவளிடம் திரும்பி வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க உதவுவது வெட்டுதான். வெட்டை விட்டுக்கொடுத்த கேமராவுக்கு ஒவ்வொரு நொடியும் யாராவது ஒருவர்தான். நகர்கிறவர் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஓடுகிற பையனும் துரத்துகிற போலீஸ்காரரும் அதற்குத் தீனி. ஒரு மூலையில் அசையாமல் இருக்கும் துக்கம் அதற்குத் தீனி இல்லை. செத்தவளிடம் அந்தக் கேமராவால் போகவே முடியாது, ஏன்னா அது நிகழ்காலத்தை மட்டும் காட்டுவதாகச் சத்தியம் செய்திருக்கிறது. முன்கதைக் காட்சி கிடையாது. ஆக கேட்டி இல்லாமல் போனதற்கு எழுத்தாளர்களின் மறதி மட்டும் காரணமில்லை. வடிவத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே அவள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டாள். ஆனாலும் ஜேட் உயிரோடு இருக்கிறாள். அவள் பின்னால் போயிருக்கலாம். அடுத்த இரண்டு எபிசோடிலும் ஜேட் வருவதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இது கொன்றவனின் குடும்பத்தைப் பற்றிய கதை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன ஆகிறது, நல்ல வீட்டிலிருந்து இப்படி ஒருவன் எப்படி வந்தான் என்று கேட்கத்தான் கிரஹாமும் தார்னும் இதை எழுதினார்கள். கொலையானவரின் குடும்பத்தோடு இருக்கும் தொடர்களும் ஏற்கெனவே வந்திருக்கின்றன. 2013இல் வந்த ‘பிராட்சர்ச்’ முதல் சீசனில் செத்துப்போன சிறுவனின் அம்மா கூடவே நாம் எட்டு எபிசோட் இருந்தோம். எல்லாக் கதையும் எல்லாரையும் பற்றி இருக்க முடியாது. இதை ஏற்கிறேன். ஃபிராங்கின் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். இது எங்கள் எல்லை என்று ஒரு படைப்பு அமைதியாக இருந்துவிடலாம். எல்லைக்கு வெளியே நிற்பவளைச் சுட்டிக்காட்டி ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வது வேறு.

செத்த பெண்ணின் புகைப்படத்தைச் சுற்றிக் கதை கட்டுவது டிவிக்குப் பழைய பழக்கம். 1990இல் ‘ட்வின் பீக்ஸ்’ வந்தபோது லாரா பாமர் சட்டம் போட்ட ஒரு பள்ளிப் படம். ஊர் முழுக்க அவளைப் பற்றிப் பேசியது, அவளுக்குப் பேச வாய்ப்பில்லை. டேவிட் லிஞ்ச் அதோடு விடவில்லை. 1992இல் ‘ஃபயர் வாக் வித் மீ’ படத்தில் அவளுடைய கடைசி நாட்களை அவள் கூடவே இருந்து எடுத்தார். அப்போது பலருக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. புகைப்படத்தை ரசித்தவர்களுக்கு உயிருள்ள பெண்ணின் வலியைப் பார்க்க முடியவில்லை போல. கேட்டிக்கு இனி அப்படி ஒருவர் திரும்பி வருவார் என்று தோன்றவில்லை.

கடைசி டிரோன் ஷாட்டுக்கு வருவோம். ரயான் பிடிபட்ட பிறகு பாஸ்கோம்ப் மகனைத் தேடி வருகிறார். சாப்பிடப் போகலாமா என்று கூப்பிடுகிறார். வழக்கைத் தீர்த்த அதிகாரியாக இல்லாமல், பையனோடு பேச ஏதாவது ஒரு சாக்கு தேடும் அப்பாவாக. இருவரும் காரில் போக, கேமரா பள்ளி வாசலிலிருந்து மேலே எழுகிறது. அதுவரை கையில் பிடித்திருந்த கேமராவை ஓடும் ஷாட்டிலேயே டிரோனில் மாட்டியிருக்கிறார்கள். கூரைகளுக்கு மேலே மிதந்து, கொலை நடந்த இடத்துக்கு வந்து, கீழே இறங்கி, மறுபடி ஒருவர் கைக்குள் போய், எடியின் முகத்தின் முன் நிற்கிறது. மகன் கொன்ற இடத்தில் அப்பா பூ வைக்க வந்திருக்கிறார். பின்னணியில் பிள்ளைகளின் குரலில் ஸ்டிங்கின் ‘ஃப்ராஜைல்’.

அழகான ஷாட். இரண்டு எபிசோடாக மூச்சடைத்த நமக்கு முதல்முறை வானம் கிடைக்கிறது. பள்ளிக்கும் கொலை நடந்த இடத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு கொஞ்சம் என்று ஒரு வசனமும் இல்லாமல் புரிகிறது. ஸ்டீபன் கிரஹாமின் முகம் அந்தச் சில நொடியில் சொல்வதை எழுதவே தேவையில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெட்டு இல்லாததால் எங்கேயும் போக முடியாது என்றிருந்த கேமராவுக்கு இப்போது இறக்கை முளைத்துவிட்டது. ஊருக்கு மேலே இருக்கிறது. எந்த வீட்டு வாசலிலும் இறங்கலாம். இதே ஊரில் கேட்டியின் வீடு இருக்கிறது. ஜேடின் வீடும் இருக்கிறது. அது கொன்றவனின் அப்பாவிடம் இறங்குகிறது. முதல்முறை சுதந்திரம் கிடைத்தபோதும் அது பழைய இடத்துக்கே போனது என்பதால், வடிவத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாமல் போகிறது. இது தேர்வு.

இந்தத் தொடரின் இசையில் அடிக்கடி ஒரு பெண் குரல் வருகிறது. அது கேட்டியாக நடித்த எமிலியா ஹாலிடேயின் குரல். கேட்டி படம் முழுக்க இருக்கிறாள் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் சில இடங்களில் உடம்பு சிலிர்க்கும். ஆனால் தெரிந்துகொள்ள வெளியே போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. படத்துக்குள் அது வெறும் ஒரு குரல். அவளை மறக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்திருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஃபிராங்கின் ஒரு முணுமுணுப்பும் பின்னணியில் ஒரு ராகமும் கிடைத்தன. காட்சி கிடைக்கவில்லை.

2025 மார்ச் கடைசியில் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் தொடரின் ஆட்களை அழைத்துப் பேசினார். பிரிட்டனின் மேல்நிலைப் பள்ளிகளில் இதை இலவசமாகத் திரையிடலாம் என்று அறிவித்தார்கள். பையன்கள் இப்படி ஆகாமல் தடுப்பது எப்படி என்பதுதான் பேச்சின் மையம். தேவையான பேச்சுதான். ஆனால் அந்த வகுப்பறைகளில் பெண் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலருடைய படங்கள் இதே போலச் சுற்றியிருக்கும். அவர்கள் திரையில் தேடக் கூடியது ஜேமியை அல்ல, ஜேடை. இரண்டாவது எபிசோடில் அவளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு ஒரு பையன் ஜன்னல் வழியே குதிப்பான், மொத்த வகுப்பும் அவன் பின்னால் போய்விடும்.

மறுபடி பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. தீ மணி அடித்ததிலிருந்து ரயானை விட்டுவிட்டு ஜேடை மட்டும் பாருங்கள். கேமரா அவளை விட்ட இடத்தில் நீங்கள் விடாதீர்கள். இந்தத் தொடர் எடுத்திருக்க வேண்டிய ஐந்தாவது எபிசோட் அங்கேதான் ஆரம்பிக்கிறது.